கொசுறு

காலையில் உலை கொதிப்பதற்கு முன்பே வீடு கொதித்துவிட்டது.

"இன்னிலேருந்து மெஷின்ல சின்னவ உட்காரட்டும்" என்றார் பெரியவளின் கணவர். சொல்லிவிட்டு டீயை ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டார், வெளியே வெயில் ஏறுகிறது என்று சொன்னவர் மாதிரி.

அடுப்படியில் பெரியவளின் கை அப்படியே நின்றது. அந்த வீட்டின் மூத்த மருமகள் அவள். சின்னவள் என்பது அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. மெஷின் என்பது சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறையில் நிற்கிற ப்ரஸ். தகரத்தை அடித்து டப்பா மூடியாக்கித் தள்ளுகிற அந்த இரும்பை நம்பித்தான் இந்தப் பக்கம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அதில் வேலை பார்த்த ஆள் நேற்று சாயங்காலம் நின்றுவிட்டான். அடுத்த தெருப் பட்டறையில் புது ப்ரஸ் வந்திருக்கிறது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் அது அடிக்கும். ஒரு கை உள்ளே இருந்தால் அது அசையவே அசையாது. "அங்க போனா கொண்டு போன கையோட திரும்பி வரலாம்" என்று சொல்லிவிட்டு, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனவன் போனவன்தான். மூடிகளோ நாளைக்குள் போய்ச் சேர வேண்டும்.

"வேண்டாம்ணா" என்றான் கொழுந்தன். குரல் பாதியில் உள்ளே போய்விட்டது. "அவ எதுக்கு? நானே உட்காரறேன்."

"நீயா? தகரத்தை எதாலடா பிடிப்பே?"

கேட்ட பிறகுதான் கேட்டது உறைத்தது போலக் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொழுந்தனின் வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும்தான் இருந்தன. நடுவில் இருந்த மூன்றையும் மெஷின் எடுத்துக்கொண்டு பல வருஷம் ஆகிறது.

"நான் உட்காரறேன்" என்றாள் சின்னவள். வளையலைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். தலைமுடியை ஒரு துணியால் இறுக்கிக் கட்டினாள். "எனக்கு ஒண்ணும் பயமில்லை. அடுப்படியிலேருந்து யாரும் கூப்பிடாம இருந்தாப் போதும்."

பெரியவள் கரண்டியை எடுத்துப் பாத்திரத்தின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். காலைச் சாப்பாடு தயார் என்று அதற்கு அர்த்தம். எல்லோரும் எழுந்து வந்து தட்டெடுத்து உட்கார்ந்தார்கள்.

அந்த வீட்டில் அவள் யாரையும் கூப்பிடுவதில்லை. ஊமையில்லை. பக்கத்தில் வந்து நின்றால் பேசுவாள், கேட்டால் சொல்லுவாள், ஏன், சில சமயம் சிரிக்கவும் சிரிப்பாள். ஆனால் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் குரல் கொடுப்பது என்பது அவளிடம் இல்லை. சாப்பாட்டுக்குக் கரண்டித் தட்டு. மற்றதற்கெல்லாம் எழுந்து போய்த் தோளைத் தொடுவாள். வெளியூரில் படிக்கிற மகள் போன் செய்தால், "கொஞ்சம் சத்தமா பேசேம்மா, கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரியே இருக்கு" என்று அலுத்துக்கொள்வாள். கிணற்றுக்குள் எப்போது விழுந்தோம் என்பது பெரியவளுக்குத் தெரியும். அதை மகளிடம் எப்படிச் சொல்வது?

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் குரல் வாசலைத் தாண்டும். மாமனார் இறந்து பட்டறை கணவர் கைக்கு வந்த வருஷம் அது. கொழுந்தனுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. மெஷினில் அவன்தான் உட்காருவான். ஒரு மத்தியானம் சோற்றை இறக்கிவிட்டு, எப்போதும் போலச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"தம்பி, சாப்பிட வாங்க."

தடக் என்று ஓர் அடி. அதன் பிறகு ஓர் அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது கொழுந்தன் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் கிடந்தான். மாமியார் அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து கேட்டார்: "யாருடி கூப்பிட்டது?" நான்தான் அத்தை என்றாள் அவள். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பழி. மெஷினில் கை வைத்திருக்கிறவனைக் கூப்பிட்டாள், அவன் திரும்பிப் பார்த்தான், கால் கீழே இருந்த பெடலை மிதித்துவிட்டது, கை போய்விட்டது. இதுதான் அந்த வீட்டின் கதை. உறவுக்காரர்கள் வந்து கேட்டபோதும் இதுதான், சின்னவளைப் பெண் பார்க்கப் போனபோதும் இதுதான். "உன் நாக்கு அழுகிப் போக" என்று மாமியார் சொன்ன வார்த்தையை அவள் தனக்கு விதித்த தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டாள். நாக்கு அழுகவில்லை. அதை அவளே மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

கொழுந்தன் மட்டும் அவளை ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் அவள் எதிரே வந்தால் அவன் முகம் வேறு பக்கம் போய்விடும். அவள் சாப்பிட்டாளா என்று பார்க்காமல் சாப்பிட மாட்டான், அதையும் தன் மனைவியை விட்டுத்தான் கேட்பான். என் முகத்தைப் பார்க்கக்கூட அவனுக்குப் பிடிக்கவில்லை, பிடிக்காமல்தானே இருக்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அந்த மூன்று விரல்களுக்கு ஈடாக அவனுடைய சட்டைகளை எல்லாம் அவளே துவைத்தாள். பொத்தான் போட முடியாதவனுக்குப் பொத்தானுக்குப் பதில் ஒட்டுப் பட்டை வைத்துத் தைத்தாள். எதைச் செய்தும் மெஷின் சத்தம் அடங்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் பின்னால் அவளுக்கு அவள் குரலே கேட்டது. தடக், சாப்பிட வாங்க. தடக், சாப்பிட வாங்க. மெஷின் ஓடாத விடுமுறை நாட்களில் இன்னும் மோசம். சத்தம் வரப்போகிறது, வரப்போகிறது என்று முதுகு சில்லிட்டுக் காத்துக்கொண்டே இருக்கும்.

அதற்கு 'அப்பா மெஷின்' என்று பேர். மாமனார் வாங்கியபோதே அது பழசு. ஏதோ மூடிப்போன தொழிற்சாலையில் கிடந்ததை வண்டியில் ஏற்றி வந்தார். பக்கவாட்டில் செய்த கம்பெனியின் பேர் இருந்த இடத்தை யாரோ உளியால் செதுக்கி எடுத்திருந்தார்கள். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் சிவப்பு, சிவப்புக்கு அடியில் வேறு ஏதோ. இதற்கு முன் எந்தெந்த வீட்டில் எவ்வளவு காவு வாங்கிற்றோ என்று பெரியவள் அதைக் கடந்து போகும்போதெல்லாம் நினைப்பாள். அதன் உதிரிப் பாகங்கள் இப்போது உலகத்தில் எங்கும் கிடைக்காது. தேய்ந்தால் லேத்துக்காரரிடம் போய்க் கடைந்து வர வேண்டும், உடைந்தால் கம்பி போட்டுக் கட்ட வேண்டும். மூடி வாங்குகிற கம்பெனியிலிருந்து வந்த சூப்பர்வைசர் ஒருமுறை அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதை ஓட்டறீங்களா, இல்லை கும்பிடறீங்களா?" என்று கேட்டார். கணவர் சிரித்துச் சமாளித்தார். "ஓடுற குதிரையை எவனாவது விப்பானா சார்? அப்பா வாங்கினது. ஓடுற வரைக்கும் ஓடட்டும்." அப்பாவின் துண்டு இன்னும் அந்த மெஷினின் தலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் கணவர் மாமியாரிடம் போனார். உள்ளறை நாற்காலியில் சாய்ந்திருந்தார் மாமியார். பட்டறைச் சுவரை ஒட்டியே ஆயுசைக் கழித்ததில் காது முக்கால் போய்விட்டது. பக்கத்தில் குனிந்து கத்தினால் கொஞ்சம் ஏறும்.

"சின்னவ மெஷின்ல உட்காரறாம்மா!"

"உட்காரட்டும், உட்காரட்டும்" என்றார் மாமியார். "கொசுறுக்கு மட்டும் பார்த்துக்கச் சொல்லு."

கொசுறு என்றால் என்னவென்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெடலை ஒரு தடவை மிதித்தால் மெஷின் ஓர் அடி அடித்துவிட்டு நிற்க வேண்டும். உள்ளே ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கிறது, அதைச் சாவி என்பார்கள். அதுதான் ஓடுகிற சக்கரத்தை அடிக்கிற தண்டோடு கோத்துவிட்டு, அடி விழுந்ததும் திரும்பத் தன் பள்ளத்தில் போய் உட்காரும். சாவி தேய்ந்துவிட்டால் சரியாக உட்காராது. அரைகுறையாகத் தொத்திக்கொண்டு நிற்கும். பிறகு நினைத்துக்கொண்டாற்போல், யாரும் மிதிக்காமலே, இன்னோர் அடி விழும். அந்த இரண்டாவது அடிக்குப் பேர்தான் கொசுறு. கொழுந்தனின் கை போன அதிர்ச்சியில் மெஷினுக்கும் ஏதோ ஆகிவிட்டது, அதற்குப் பிறகுதான் கொசுறு ஆரம்பித்தது என்று கணவர் சொல்வார். மெஷினைக்கூட அவள்தான் கெடுத்தாள் என்று ஆகியிருந்தது.

மாமியாருக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

"உங்கப்பா அதுக்கு அந்தப் பேரை வச்சப்ப நான் எப்படிச் சிரிச்சேன் தெரியுமா? காய்கறிக்காரன் கேக்காமலே மேல ரெண்டு மிளகாய் போடுவான், என் மெஷின் கேக்காமலே மேல ஒரு அடி போடுதுடி, தாராள மனசுன்னாரு. சாகறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுகூட, கொசுறு நின்னுச்சா, கொசுறு நின்னுச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு பாவம்..."

கணவர் சட்டென்று நிமிர்ந்தார். கதவோரம் தண்ணீர்ச் செம்போடு நின்ற பெரியவளைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்தார்.

அவளுக்குச் செம்பு கனத்தது. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகுதானே கொழுந்தனின் கை போயிற்று? போனவர் வைத்த பேர் என்றால்...

பட்டறைக் கதவுக்குள் அவர் காலை வைக்கும் முன் அவள் போய் முன்னால் நின்றாள். அந்த வீட்டில் அவள் யாருக்கும் குறுக்கே நின்றதில்லை.

"ஏங்க. கொசுறுன்னு பேர் வச்சது மாமாவா?"

"அம்மாவுக்கு வயசாச்சு. எதையாவது எதோடயாவது முடிச்சுப் போடுவாங்க."

"தம்பிக்குக் கை போனப்புறம்தான் மெஷின் அப்படி ஆச்சுன்னு நீங்க சொன்னீங்க."

"வழியை விடு. வேலை கெடக்கு."

"அதுக்கு முன்னாடியே அது தானா அடிச்சுதா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"போய் அடுப்பைப் பாரு" என்றார் கணவர். குரலில் கோபம் இருந்தது. ஆனால் கண்ணில் இருந்தது கோபமில்லை. அவளோடு குடித்தனம் செய்த இத்தனை வருஷத்தில் அவர் கண்ணில் அவள் அப்படியொரு பயத்தைப் பார்த்ததில்லை.

"அப்போ சின்னவளை மட்டும் அதுல உட்கார வைக்காதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

சின்னவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். பேசியதில் கடைசி வரிதான் அவள் காதில் விழுந்தது.

"ஏன்க்கா, நான் உட்கார்ந்தா உங்களுக்கென்ன? அவர் கையைத்தான் வாங்கிட்டீங்க. நான் கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து அந்தக் கையைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். வீட்டுக்குன்னு ஒரு வேலையாவது நான் செய்யக் கூடாதா? அதுக்கும் குறுக்கே வந்து நிக்கணுமா?"

இது அழுகையில் முடிந்தது. அழுதபடியே ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். கணவர் சுவிட்சைப் போட்டார். பெல்ட் ஒருமுறை வழுக்கி, கீச்சென்று கத்தி, பிறகு பிடித்துக்கொண்டது. சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் தரை அதிர்ந்தது, சமையலறையில் தட்டுகள் அதிர்ந்தன, மெஷின் தலையில் தொங்கிய துண்டு யாரோ மூச்சு விடுவது போல அசைந்தது.

பெரியவள் அடுப்படிக்குத் திரும்பினாள். வேறு எங்கே போவாள்?

தடக். ணிக்.

தடக். ணிக்.

பெரிய சத்தம் அடி. அதன் வாலாக வரும் சின்னச் சத்தம், சாவி தன் பள்ளத்தில் உட்காருகிற சத்தம். மற்றவர்களுக்குத் தடக் மட்டும்தான் கேட்கும். அவளுக்கு ணிக்கும் கேட்கும். வருஷக்கணக்காக ஒரு சத்தத்துக்குப் பயந்துகொண்டே வாழ்கிறவளுக்கு அதன் அப்பன் பாட்டன் வரைக்கும் அடையாளம் தெரிந்துவிடுகிறது. சின்னவள் தகரத்தை உள்ளே தள்ளுகிறாள், மிதிக்கிறாள், அடி விழுகிறது, ணிக் என்கிறது, கையை உள்ளே விட்டு மூடியை எடுக்கிறாள். மறுபடி தகரம், மறுபடி மிதி. சுவரைப் பார்த்துக்கொண்டே பெரியவளால் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது.

அரிசியைக் களைந்துகொண்டிருந்தபோது ணிக் மழுங்கிற்று. கல்லில் விழுந்த காசு போல இருந்தது, மண்ணில் விழுந்த காசு போல ஆயிற்று. அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். கதவருகே போய் நின்றாள். உள்ளே போனால் ஏசுவார்கள். போகட்டும், ஏசட்டும் என்று ஓர் அடி வைத்தாள்.

சின்னவள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் மூலையில் மூடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். கணவர் தகரச் சுருளை வெட்டிக்கொண்டிருந்தார்.

தடக்.

அவ்வளவுதான். ணிக் இல்லை.

சின்னவளுக்கு அது தெரியவில்லை. மூடி உள்ளே சிக்கிக்கொண்டது. அதை நெம்பி எடுப்பதற்காக ஸ்டூலிலிருந்து எம்பி, கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள்.

கூப்பிடாதே என்றது உடம்பு. மெஷினில் கை வைத்திருப்பவளைக் கூப்பிடாதே. திரும்பிப் பார்ப்பாள். கால் பெடலில் படும். மறுபடியும் நீயா... மறுபடியும் உன் வாயா...

"கையை எடுடீ!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அடைத்து வைத்திருந்த வருஷங்கள் அத்தனையும் சேர்ந்து கிளம்பினது போல வந்தது. சின்னவள் தூக்கிவாரிப்போட்டுக் கையை வெடுக்கென்று இழுத்தாள். இழுத்த வேகத்தில் ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தாள், இரண்டு காலும் தரையை விட்டு மேலே போயின. கால்கள் அந்தரத்தில் இருக்கும்போதே, பெடலை யாரும் தொடாமலே, மெஷின் தடக் என்று இன்னோர் அடி அடித்தது.

உள்ளே சிக்கியிருந்த மூடி நசுங்கித் தெறித்து அவள் காலடியில் வந்து விழுந்தது.

கொழுந்தன் பாய்ந்து சுவிட்சை அணைத்தான். சக்கரம் நிற்க மனமில்லாமல் சுற்றிச் சுற்றி நின்றது. சின்னவள் தரையில் உட்கார்ந்தபடி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நசுங்கிய மூடியைப் பார்த்தாள்.

"நான் பெடலைத் தொடவே இல்லை" என்றாள். "சத்தியமா தொடவே இல்லைக்கா... அதுவா அடிச்சுது..."

அதைக் கேட்டதும் கொழுந்தன் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். விரல் இல்லாத கையால் முகத்தை மூடிக்கொண்டான். அந்தக் கையால் முகத்தை மூடவும் முடியவில்லை.

"நானும் இதையேதான் சொன்னேன்" என்றான். "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் அண்ணன்கிட்ட இதையேதான் சொன்னேன். நான் பெடலைத் தொடவே இல்லைண்ணான்னு."

பெரியவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அன்னிக்கும் மூடி சிக்கிக்கிச்சு. இவ விட்ட மாதிரியேதான் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டிருந்தேன். அப்பத்தான் நீங்க கூப்பிட்டீங்க. வந்துட்டேன் அண்ணின்னு கையை இழுத்தேன். பாதி இழுக்கும்போது விழுந்துச்சு. நீங்க கூப்பிட்டிருக்கலைன்னா கையே போயிருக்கும் அண்ணி. விரலோட போச்சுன்னா நீங்க கூப்பிட்டதாலதான் அவ்வளவோட போச்சு..."

"இதை ஏன் தம்பி சொல்லலை?" அவள் கேட்டது மெதுவாகத்தான். "என்கிட்ட மட்டுமாவது ஏன் சொல்லலை?"

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். தகரம் வெட்டுகிற கத்திரியோடு கணவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அண்ணன் என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான் அண்ணி. வெளிய சொல்லாதேடான்னு அழுதான். நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள அம்மா உங்களைச் சொல்லி முடிச்சுட்டாங்க. ஆன பேச்சு ஆயிடுச்சு, விடுன்னான். அப்புறம் நாளாக ஆக எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது? உங்க எதிர்ல வரவே பயமா இருந்துச்சு. நீங்க என் சட்டையைத் துவைச்சுக் காயப்போடறதைப் பார்த்தா எனக்குச் செத்துரலாம் போல இருக்கும்..."

வெறுப்பு என்று அவள் எண்ணியிருந்தது இதுதானா? அவள் கணவரிடம் திரும்பினாள். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"தம்பிக்கு மூணு விரல் போச்சு. எனக்கு என்ன போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? நம்ம பொண்ணு நடை பழகினப்ப ஒருநாள் தெருவுல இறங்கி ஓடினா. எதிர்ல வண்டி வந்துச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டா நின்னிருப்பா. நான் கூப்பிடலைங்க. கூப்பிட்டா ஏதாவது ஆயிடும்னு வாயை மூடிக்கிட்டுப் பின்னாலயே ஓடினேன். பெத்த புள்ளையைக் கூப்பிடப் பயந்தவ நான். அன்னிக்கு நீங்க வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

கணவர் கையிலிருந்த கத்திரி கீழே விழுந்தது.

"சாவி தேஞ்சுபோச்சு, மாத்திருன்னு லேத்துக்காரர் முன்னாடியே சொன்னாரு" என்றார். வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன. "இந்த வேலையை முடிச்சுட்டு மாத்தலாம், அடுத்த வேலையை முடிச்சுட்டு மாத்தலாம்னு... அப்பாகிட்டேருந்து அப்பத்தான் பட்டறை என் கைக்கு வந்திருந்துச்சு. அம்மா கேட்டாங்களே, யாருடி கூப்பிட்டதுன்னு. நான்தான்னு நீ சொன்னே. நான் வாயைத் திறக்கலை. பொய் சொல்லலை... வாயைத் திறக்கலை, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் பெரியவள்.

அவர் அவளைக் கடந்து உள்ளறைக்குப் போனார். பின்னாலேயே எல்லோரும் போனார்கள். மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தரை அதிரவில்லையே, ஏன் மெஷின் நின்றுவிட்டது என்று பார்க்கிற முகம்.

கணவர் அவர் காலடியில் உட்கார்ந்தார். "அம்மா, தப்பு என்னோடது."

"என்னது? உப்பா?"

"தப்பும்மா."

"உப்பு கம்மின்னா அவகிட்டச் சொல்லுடா. எங்கிட்ட வந்து..."

வேறு ஒரு நாளாக இருந்தால் சின்னவள் சிரித்திருப்பாள். கணவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வாயைத் திறக்காமலேயே இத்தனை வருஷத்தை ஓட்டிய மனிதர், இப்போது கத்தித்தான் ஆக வேண்டும் என்பதை உணர்ந்தார். கத்தினார்.

"தம்பி கை போனது இவ கூப்பிட்டதால இல்லைம்மா! கொசுறு விழுந்துச்சு! சாவி தேஞ்சிருந்தது எனக்கு முன்னாடியே தெரியும்! நான்தான் மாத்தலை! நான்தான் மறைச்சேன்!"

மெஷின் ஓடாத வீட்டில் அந்தக் குரல் தெரு வரைக்கும் போயிற்று. எதிர்க் கடைக்காரர் தராசைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்தார்.

மாமியார் பார்வையைப் பெரியவள் பக்கம் திருப்பினார்.

"அப்போ... இவ?"

"இவ ஒண்ணும் பண்ணலைம்மா. இவ கூப்பிட்டதாலதான் அவனுக்குக் கையாவது மிஞ்சுச்சு."

"நான் பேசினதெல்லாம்?"

"கேட்டுக்கிட்டு நின்னேம்மா."

மாமியாரின் கை எழுந்து பெரியவளைத் தேடிற்று. அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். விரல்கள் அவள் கன்னத்தைத் தடவி, உதட்டின் மேல் வந்து நின்றன.

"இந்த நாக்கையா அழுகிப் போகச் சொன்னேன்..." என்றார் மாமியார். "எனக்குக் காது போச்சு, அதனாலதான் வீடு இப்படி அடங்கிக் கெடக்குதுன்னு நினைச்சேன். வீட்டுல யாருமே கூப்பிடலைங்கிறது எனக்குத் தெரியலையேடி. கூப்பிடு. என்னை ஒரு தடவை கூப்பிடு, கேக்குதான்னு பார்க்கறேன்."

"அத்தை."

"கேக்கலை."

"அத்தை" என்றாள் பெரியவள், இன்னும் உரக்க. மூன்றாவது முறை அது வீடு முழுக்கக் கேட்டது.

"கேட்டுது" என்றார் மாமியார். அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். சின்னவள் பின்னாலிருந்து வந்து கட்டிக்கொண்டாள். "என் கையைப் பாருங்கக்கா, முழுசா இருக்கு" என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்ல வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பெரியவள் அந்தக் கையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள்.

கொழுந்தன் பட்டறைக்குப் போய் மெஷினின் பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டினான். வலது கையில் மிஞ்சிய இரண்டு விரலால் சுருட்டினான், நேரம் பிடித்தது, யாரும் உதவிக்குப் போகவில்லை. மிச்ச மூடிகளை அடுத்த தெருப் பட்டறையிலேயே அடித்துத் தரச் சொல்லி ஆள் போயிற்று. "இனிமே இது ஓடாது" என்று கணவரே சொன்னார். அப்பாவின் துண்டை எடுத்து உதறினார். எண்ணெயும் இரும்புத் தூளும் ஏறி அது விறைத்துப் போயிருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொள்ளவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல், மெஷினின் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் பெரியவள் சோற்றை வடித்து இறக்கினாள். வீடு அமைதியாக இருந்தது. சத்தம் வரப்போகிறது என்று முதுகு காத்திருந்தது, பழக்கம் விடுமா? ஒன்றும் வரவில்லை. அவள் கதவருகே வந்து நின்றாள்.

"தம்பி, சாப்பிட வாங்க."

அதே வார்த்தை. சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அடி விழவில்லை, அலறல் கேட்கவில்லை.

"வந்துட்டேன் அண்ணி" என்றான் கொழுந்தன். அவளுக்கு நேரே வந்து நின்று, முகத்தை நிமிர்த்தி, அவளைப் பார்த்தான்.

"சின்னவளே, அத்தைக்குத் தட்டு வை. அத்தை, சாப்பிட வாங்க." சொல்லச் சொல்ல அவள் குரல் துரு உதிர்ந்து தெளிந்துகொண்டே வந்தது. சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டு, கிணற்றுக்கு வெளியே நின்று பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லோரும் தட்டின் முன் உட்கார்ந்தார்கள். பட்டறையில் ஒருவர் மட்டும் நிற்கிற மெஷினைப் பார்த்தபடி, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிடுவாளா என்று காத்திருந்தார். பெரியவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். பசியோடு ஒருவரை உட்கார வைக்க அவளுக்கு மனமில்லை. குரல் கொடுக்கவும் மனம் வரவில்லை, இன்றைக்கு வரவில்லை.

கரண்டியை எடுத்தாள். பாத்திரத்தின் விளிம்பில் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். கொசுறு போடவில்லை.